வீட்டிலேயே குடிக்கட்டுமே என்கிறவர்களுக்கு

டெக்ஸாஸில் என் மகளுக்கு நானே பியர் ஊற்றிக் கொடுத்தால் போலீஸ் பிடிக்காது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். டாலஸ் பக்கத்து நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் அதைத் தங்கள் வசதிக்கு இழுத்துக்கொள்கிறார்கள். இந்த மாநிலத்தில் குடிக்கும் வயது 21. ஆனால் பெற்றவர்களோ சட்டப்படியான பொறுப்பாளரோ கண்ணெதிரே இருந்தால் 21 ஆகாத பிள்ளை குடிப்பது குற்றமில்லை. கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கும் நிபந்தனை. அப்பா மாடியில் தூங்குகிறார், கீழே பிள்ளைகள் பாட்டில் திறக்கிறார்கள் என்றால் அந்தச் சலுகை கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நான் ஊற்றிக் கொடுத்தாலோ அது தனிக் குற்றம்: ஒரு வருடம் வரை ஜெயில், 4,000 டாலர் வரை அபராதம்.

ஆக, சட்டம் என்னைத் தடுக்கவில்லை. மகளுக்கு 19 வயது, ஆஸ்டினில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் நான் ஒரு பியர் குடிப்பவன்தான். இருந்தும் அவளுக்கு வீட்டில் ஊற்றிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்டாள். அவளுக்கு வாயால் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கேள்வி வந்தது போன தீபாவளி கெட்-டுகெதரில். இந்த ஊர் விருந்துகளுக்குப் போயிருப்பவர்களுக்கு அமைப்பு தெரியும். ஆண்கள் எல்லாம் பின்பக்கத்து பேஷியோவில், நடுவில் காஸ்ட்கோவில் வாங்கிய ஒன்றே முக்கால் லிட்டர் விஸ்கி பாட்டில், அலுமினிய டிரேயில் சிக்கன் 65. பெண்கள் கிச்சன் ஐலண்டைச் சுற்றி. பிள்ளைகள் மாடியில் கேம் ரூமில். பத்து வருடமாக இதே ஏற்பாடு. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், மாடியில் நிற்பதில்லை, இறங்கி வருகிறார்கள். அன்றைக்கு வீட்டுக்காரர் கூலரிலிருந்து பியர் கேனை எடுத்துக் காலேஜ் பையன்களுக்கு ஆளுக்கொன்றாக நீட்டினார். "எங்கயோ போய்க் குடிச்சு விழறதுக்கு, நம்ம கண்ணு முன்னாடியே குடிக்கட்டுமே! பழகிக்கட்டும்." சுற்றியிருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். ஒரு பையனின் அப்பா அன்றைக்கு வரவே இல்லை. அவன் கையிலும் ஒரு கேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் என் மகள், "அப்பா, அந்த அங்கிள் பசங்களுக்கு மட்டும்தான் குடுத்தார், கவனிச்சீங்களா?" என்றாள். கவனித்தேன். அவருக்கும் காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். அவள் அதே பேஷியோ கதவருகே டிரே ஏந்தி நின்றிருந்தாள். அப்புறம் அடுத்த கேள்வி: "நீங்க எனக்குக் குடுப்பீங்களா?"

இந்த ஆண் பெண் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அளவு சொல்லி எச்சரிப்பதில் பெண்ணுக்கும் ஆணுக்கும் வித்தியாசம் உண்டு. அதே எடையுள்ள ஆணைவிடப் பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே கிளாஸ் அவள் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். இது உடம்பு. அந்த பேஷியோவில் நடந்தது வேறு. பையன் குடித்தால் பெரியவன் ஆகிவிட்டான், பெண் குடித்தால் கெட்டுப்போய்விட்டாள் என்கிற நம் ஊர்க் கணக்கை ஒன்பதாயிரம் மைல் தாண்டி அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறோம். எனக்கு அடுத்து ஒரு மகன் இருக்கிறான், பதினொன்றாம் வகுப்பு. அக்காவுக்குச் சொன்னதுதான் அவனுக்கும்.

மகளின் வாதம் இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வதுதான். 18 வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், ஒரு பியர் குடிக்கக் கூடாதா? அந்த 21 என்ன வேதவாக்கா? இல்லைதான். அதை நான் ஒத்துக்கொண்டேன். ஓட்டு வயது 1971-ல் 18 ஆனதும் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. டெக்ஸாஸ் 1973-ல் 18 ஆக்கியது, 1981-ல் 19 ஆக்கியது, 1986-ல் 21. நடுவில் நடந்தது சாலை விபத்துகள். வயது குறைவாக உள்ள மாநிலத்துக்கு எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு ராத்திரி வண்டி ஓட்டித் திரும்புகிற பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1980-ல் கலிஃபோர்னியாவில் குடிபோதை ஓட்டுநரால் மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் தொடங்கிய 'மேட்' (MADD, குடிபோதை ஓட்டுதலுக்கு எதிரான தாய்மார்கள்) அமைப்பு வாஷிங்டனை விடாமல் நெருக்கியது. 1984-ல் ஜனாதிபதி ரீகன் 21 வயதுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குடிக்கும் வயதை மத்திய அரசு நேரடியாக நிர்ணயிக்காது, ஆனால் 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் வெட்டு. தெற்கு டகோட்டா எதிர்த்து வழக்குப் போட்டு 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. மூளை வளர்ச்சியைப் பற்றிய பேச்செல்லாம் பிறகு வலுவாகச் சேர்ந்துகொண்டது. முதலில் இது ரோட்டுக்காகப் போட்ட சட்டம்.

2008-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் சேர்ந்து, இந்த 21 பிள்ளைகளை ஒளிந்து குடிக்க வைக்கிறது, மறுபடி விவாதிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வெர்மாண்டில் மிடில்பரி கல்லூரியின் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் முன்னின்றார். அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. ஆனால் சட்டம் அசையவில்லை.

எங்கள் வட்டத்தில் இந்த 21-க்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகள் எச்-4 என்கிற சார்பு விசாவில் வளர்கிறார்கள். கிரீன் கார்டு வரிசை நகராததால் பலருக்கு 21 வயது ஆகிற அன்றோடு அந்தச் சார்பு விசாவும் முடிகிறது. மற்ற பிள்ளைகள் ஐடியைக் காட்டி முதல் டிரிங்க் வாங்குகிற நாளில், இவர்கள் எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு மாறிய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் இருக்கிறவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். 2015-லிருந்து இதுதான் நடைமுறை. பேஷியோவில் கேன் வாங்கிய பையன்களில் ஒருவன் எச்-4. அவனுக்கு வண்டிச் சாவியும் கையிலேயே இருந்தது. டெக்ஸாஸில் 21 ஆகாதவன் வண்டி ஓட்டும்போது உடம்பில் ஆல்கஹால் துளி தென்பட்டாலும் குற்றம். பெரியவர்களுக்கான, ரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹால் என்கிற வரம்பு அவனுக்குக் கிடையாது. அப்பா முன்னால் குடித்தேன் என்பது வீட்டுக்குள் செல்லும், ரோட்டில் செல்லாது. ஒரு பியர் கொடுத்த வீட்டுக்காரர் அவன் எப்படி வீட்டுக்குப் போவான் என்று கேட்கவில்லை.

சரி, 'பழகிக்கட்டும்' என்கிற வாதத்துக்கு வருகிறேன். அதன் சொந்த ஊர் ஐரோப்பா. பிரான்ஸில் சாப்பாட்டு மேஜையில் சின்னப் பிள்ளைக்கும் தண்ணீர் கலந்த வைன் கொடுப்பார்கள், அதனால் அவர்கள் நிதானமாகக் குடிப்பார்கள் என்று நம் பேஷியோ நிபுணர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் பாரிஸ் ஏர்போர்ட்டைத் தாண்டியதில்லை. அந்த பிரான்ஸே 2009-ல் விற்பனை வயதை 16-லிருந்து 18-க்கு ஏற்றியது. பதின்வயதினர் ஒரே உட்காரலில் எக்கச்சக்கமாகக் குடிப்பதைக் கேட்டுக் கணக்கெடுத்தால், பல ஐரோப்பிய நாடுகளின் எண்கள் அமெரிக்காவைவிட மோசமாகத்தான் வந்திருக்கின்றன.

பெற்றோரே ஊற்றிக் கொடுப்பதைப் பற்றி நேரடியாகப் பார்த்த ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. சுமார் 1,900 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 18 வயது வரை, ஆறு வருடம், பெற்றோரோடு சேர்த்துத் தொடர்ந்தார்கள். 2018-ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வந்தது. வீட்டில் கிடைத்த பிள்ளைகள் வெளியிலும் வாங்கிக் குடிப்பது கூடுதலாக இருந்தது. வீட்டில் கொடுத்தது பாதுகாத்தது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. என் மகளுக்கு இதைச் சொன்னதும், "அது ஸ்கூல் பசங்க. எனக்கு 19" என்றாள். சரியான ஆட்சேபம். 13 வயதும் 19 வயதும் ஒன்றல்ல. ஆனால் பழக்கிவிட்டால் அளவோடு இருப்பார்கள் என்பதை ஆதரிக்கிற சங்கதி எனக்கு எங்கேயும் அகப்படவில்லை. வீட்டில் ஒரு கிளாஸ் வைன் குடிக்கப் பழகுவதும், காலேஜை ஒட்டி மாணவர்கள் தங்கும் வெஸ்ட் கேம்பஸில் ஒரு பார்ட்டியில் ராத்திரி ஒரு மணிக்கு எப்போது நிறுத்துவது என்று தெரிவதும் வேறு வேறு திறமைகள். குளத்துப் படியில் காலை நனைத்தவனை ஆற்று வெள்ளத்தில் இறக்கிவிட்டு, அதான் தண்ணி பழகிடுச்சே என்றால் எப்படி?

கொடுக்கவில்லை என்றால் பேசாமலும் இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. நம் வீடுகளில் நடப்பது அதுதான். நான் வளர்ந்தது கரூரில். எங்கள் தெருவில் குடியைப் பொறுத்தவரை இரண்டு சாதிதான்: தொடாதவர், குடிகாரர். நடுவில் யாரும் கிடையாது. அல்லது இருந்தார்கள், வீட்டில் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலும் சட்டப்படி வயது 21தான். என்னோடு படித்தவர்கள் யாரும் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது. எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அப்பா அம்மா இங்கே வந்து ஆறு மாதம் தங்கினால், பேன்ட்ரியின் மேல் தட்டில் இருக்கும் பாட்டில்கள் கராஜில் கிறிஸ்துமஸ் லைட் பெட்டிக்குள் போய்விடும். மகள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "தாத்தா வந்தா மட்டும் அந்த பாட்டில் எங்க போகுது?" என்று சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேட்டு என்னை ஒரு வழி பண்ணியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறையும் பெட்டிக்குள்தான் போகும். இதில் தர்க்கம் தேடாதீர்கள்.

இப்படி வளர்ந்ததால் எங்கள் தலைமுறைக்கு அளவு தெரியாது. லார்ஜ் என்பது கிளாஸ் சைஸ், குவாட்டர், ஆஃப் என்பதெல்லாம் பாட்டில் சைஸ். உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. தேங்க்ஸ்கிவிங் லீவில் மகள் வந்தபோது கிச்சன் ஐலண்டில் அந்தக் கணக்கைப் போட்டோம். அமெரிக்காவில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் ஆல்கஹால். பியர் என்றால் 355 மில்லி, வைன் 150 மில்லி, விஸ்கி வோட்கா வகையறா 44 மில்லி. இரண்டு மணி நேரத்துக்குள் பெண்ணுக்கு நாலு, ஆணுக்கு ஐந்து ஆனாலே அதை மிதமிஞ்சிய குடி என்று இங்கே வரையறுக்கிறார்கள், ரத்தத்தில் 0.08-ஐத் தொட்டுவிடும் என்பதால். அவள் கைபேசியில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் நம் ஊர்க் கணக்கைப் போட்டேன். இந்திய விஸ்கி 42.8 சதவீதம். 60 மில்லி லார்ஜ் என்பது இவர்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்றரை டிரிங்க். 180 மில்லி குவாட்டர் நாலே காலுக்குக் கொஞ்சம் மேல். "சும்மா ஒரு குவாட்டர்தான் மாப்ள" என்று சொல்லக் கேட்டு வளர்ந்த எனக்கு அது கொஞ்சம் உறைத்தது.

அப்புறம் சிவப்பு பிளாஸ்டிக் கப்பை எடுத்தோம், அமெரிக்கக் காலேஜ் பார்ட்டிகளின் தேசியப் பாத்திரம். மெஷரிங் ஜாடியில் 44 மில்லி தண்ணீர் பிடித்து ஊற்றினேன். அடியோடு அடியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. மகள் எட்டிப் பார்த்து, "இவ்ளோதானா? யாரும் இப்படி ஊத்த மாட்டாங்க" என்றாள். எப்படி ஊற்றுவார்கள் என்று கேட்டு ஜாடியை அவளிடம் கொடுத்தேன். பார்த்த மாதிரி ஊற்றிக் காட்டினாள். அளந்தால் 110 மில்லி. இரண்டரை டிரிங்க், அதற்கு மேல் ஜூஸ் ஊற்றினால் வாய்க்கு ஒன்றும் தெரியாது. ஜங்கிள் ஜூஸ் என்று பெரிய கூலரில் கலந்து வைப்பதைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். அதில் என்ன, எவ்வளவு என்று கலக்கியவனுக்கே தெரியாது. பால் வாங்குகிற கேலன் பிளாஸ்டிக் கேனில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வோட்காவும் ஃப்ளேவரும் ஊற்றி ஆளுக்கொரு கேன் தூக்கித் திரிகிற 'போர்க்' என்கிற பழக்கமும் உண்டு. 2023 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் ஆம்ஹெர்ஸ்டில் ஒரே நாள் கொண்டாட்டத்துக்கு 28 தடவை ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்கள், அன்றைக்கு மாணவர்கள் பலர் கையில் அந்தக் கேன்கள் இருந்தன. "நம்ம கேன், நாமே கலக்கினது, வேற யாரும் எதுவும் போட முடியாது, அதனால சேஃப்னு நினைக்கிறாங்க" என்றாள். அந்த யோசனையில் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் சங்கடம். மற்றவன் கலப்பதிலிருந்து தப்பிக்கலாம், உள்ளே இருக்கும் வோட்காவிடமிருந்து?

இந்த உரையாடல் நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி இட்லி மாவைக் கரைத்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மகள் மாடிக்குப் போனதும் சொன்னாள்: "அளவெல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறீங்க. நீங்க சனிக்கிழமை உட்கார்றதை நிறுத்துனா இவ்ளோ பேச வேண்டாமே." அவள் திண்டுக்கல் பக்கம். அவள் பிறந்த வீட்டில் யாரும் தொட்டதில்லை. அவள் சொல்வதில் தப்பில்லை. பிள்ளைகள் அப்பா அம்மாவின் வாயைவிடக் கையைத்தான் பார்க்கிறார்கள். நான் நிறுத்தவில்லை. ஒன்றோடு எழுந்துவிடுகிறேன், அன்றைக்கு வண்டி எடுப்பதில்லை. மனைவி இதை வாதமாகவே ஏற்பதில்லை.

பேச்சு மட்டும் என்ன சாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு: பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டுரிசி பெற்றோருக்கென்று ஒரு கையேடு எழுதினார். கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிள்ளையிடம் குடியைப் பற்றி என்ன பேசுவது, எப்படிப் பேசுவது என்று. பேசிய வீட்டுப் பிள்ளைகள் குறைவாகக் குடித்ததாக அவருடைய ஆய்வுகள் காட்டின. 'மேட்' அமைப்பு தன் கையேட்டுக்கு அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. கிளம்புவதற்கு முன்னால் என்பது முக்கியம். முதல் செமஸ்டரின் முதல் ஆறு வாரம்தான் ஆபத்தான காலம் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். டார்ம் ரூமில் அண்டா குண்டாவெல்லாம் இறக்கிவைத்துவிட்டு, ஊறுகாய் பாட்டில் எந்த டிராயரில் என்று காட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நாம் கிளம்புகிற வாரம்தான் அந்த ஆறு வாரத்தில் முதலாவது.

எங்கள் வீட்டில் இப்போது நிலவரம் இதுதான். வீட்டில் ஊற்றுவதில்லை. வெளியில் அவள் குடிக்கவே மாட்டாள் என்று நான் நினைத்துக்கொள்வதுமில்லை. ஊபரில் என் கார்டு போட்டிருக்கிறது. எந்த மணிக்கு எங்கிருந்து ஏறினாலும் பில் எனக்கு வரும், மறுநாள் நான் கேட்கமாட்டேன். ஆஸ்டின் நாலு மணி நேரத் தூரம், கூப்பிட்டால் நான் ஓடிப்போக முடியாது, ஊபர் போகும். கூட இருக்கிறவள் எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது, உதடு வெளுக்கிறது என்றால் பிளாக் காபி, பச்சைத் தண்ணீர் என்று வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. மயங்கிய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 911, பக்கத்திலேயே இருக்க வேண்டும். மற்றவருக்காக முதலில் கூப்பிட்டு, கூடவே இருந்து, வருகிறவர்களுக்கு ஒத்துழைக்கிற 21 ஆகாத பிள்ளை மீது குடித்ததற்காக வழக்குப் போடமாட்டார்கள். 2011-லிருந்து டெக்ஸாஸில் சட்டம் அப்படி. இது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஓரியன்டேஷனில் சொன்னார்களாம். எனக்குத்தான் புதுச் செய்தி.

பொங்கல் கெட்-டுகெதர் எங்கள் வீட்டில். வாட்ஸ்அப் குரூப்பில் மெனு போட்டு, கடைசி வரியாக '21 ஆகாதவர்களுக்கு டிரிங்க்ஸ் கிடையாது, அவரவர் பிள்ளைக்கு அவரவர் வீட்டில்' என்று எழுதினேன். கும்பிடு போடுகிற எமோஜி ஒன்று வந்தது, 'சாமியார் ஆயிட்டீங்களா பாஸ்' என்று ஒன்று. சில அம்மாக்கள் மனைவிக்குத் தனியாக மெசேஜ் அனுப்பி, நல்ல வேளை நீங்க சொன்னீங்க என்றார்கள். தீபாவளி வீட்டுக்காரர் குரூப்பில் ஒன்றும் சொல்லவில்லை. வந்தார், காரில் கூலரோடு. "பெரியவங்களுக்கு மட்டும்தான் தலைவரே, பயப்படாதீங்க" என்றார். சரி, கராஜில் வையுங்கள் என்றேன். கிறிஸ்துமஸ் லைட் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றும் சொல்லி வைத்தேன்.